ரோக்கோவும் பாசமலரும்: இரண்டு குடும்பப் படங்கள் வீட்டுக்கு வந்த கதை

வி.சி.கணேசன் என்ற பெயரில் இருக்கும் ‘வி’ விழுப்புரம் என்பது நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1928 அக்டோபர் 1ஆம் தேதி இந்த ஊரில் பிறந்தவர்தான் பிறகு சிவாஜி கணேசன் ஆனார். அவர் நடித்த ‘பாசமலர்’ 1961 மே மாதம் வெளிவந்தது. அதற்கு முந்தின ஆண்டு, 1960இல், இத்தாலியில் ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ என்றொரு படம் வந்தது. இயக்கியவர் லுக்கினோ விஸ்கோன்தி. இரண்டும் குடும்பப் படங்கள். கூடப்பிறந்தவர் மேல் வைத்த பாசத்தாலேயே ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் தொலைக்கிற கதை இரண்டிலும் உண்டு. இரண்டும் தியேட்டரில் ஓடி முடித்து, பல ஆண்டுகள் கழித்து கேசட்டாகவும் சிடியாகவும் வீட்டுக்கு வந்தவை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டின் தலையெழுத்தும் வேறு வேறாகப் போனது. அந்த வேற்றுமையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது திண்டிவனம் பக்கம். படித்தது புதுச்சேரியில், தாய்மாமன் வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில். பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மாறி மாறி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றேன். ஆகவே ரோக்கோவாக நடித்த அலென் தெலோனையும் எனக்குத் தெரியும், ‘பாசமலர்’ ராஜசேகரையும் தெரியும். இரண்டு பேருக்காகவும் கண் கலங்கியவன்தான்.

மிலானுக்குப் போன குடும்பம்

ரோக்கோ கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இத்தாலியின் தெற்கே லூக்கானியா என்ற ஏழைப் பிரதேசம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். அப்பா இறந்துவிடுகிறார். விதவைத் தாய் ரொசாரியா நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சுகளோடு வடக்கே மிலான் நகரத்துக்கு ரயிலேறுகிறாள். மூத்தவன் வின்சென்சோ முன்பே அங்கே போய்விட்டவன். இவர்கள் போய் இறங்குகிற ராத்திரி அவனுக்கு நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. நேராக அந்த வீட்டுக்கே போய் நிற்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கும் தாய்க்கும் முதல் நாளே வாய்ச்சண்டை. இந்தக் காட்சியை மட்டும் தமிழில் எடுத்தால் ஒரு வசனம்கூட மாற்ற வேண்டியிருக்காது.

பிறகு ஒரு விடியற்காலை. ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடக்கிறது. தெருவில் பனி அள்ளக் கூலிக்கு ஆள் எடுப்பார்கள் என்று தாய் பிள்ளைகளை எழுப்பி அனுப்புகிறாள். பட்டணத்தில் அந்தக் குடும்பத்தின் முதல் வேலை அது. இரண்டாவது பிள்ளை சிமோனே குத்துச்சண்டைக்குப் போகிறான், கெட்டுப் போகிறான். மூன்றாவது ரோக்கோ, சாது. நாதியா என்ற பெண் முதலில் சிமோனேவுடன் பழகியவள். பிறகு ரோக்கோவும் அவளும் மனதார நேசிக்கிறார்கள். அண்ணன் சீரழிவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளை அவனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான் ரோக்கோ. அண்ணன் பட்ட கடனை அடைக்க, தனக்குப் பிடிக்காத குத்துச்சண்டைக்குத் தன்னையே ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறான். அத்தனை தியாகமும் வீண். சிமோனே அந்தப் பெண்ணைக் கொன்றுவிடுகிறான். நான்காவது பிள்ளை சீரோ, அல்ஃபா ரோமியோ கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அவன்தான் போலீசுக்குச் சொல்கிறான். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று தாய் அழுகிறாள். கடைக்குட்டி லூக்கா தொழிற்சாலை வாசலில் சீரோவைப் பார்த்துப் பேசுவதோடு படம் முடிகிறது.

மூன்று மணி நேரப் படம். ஒவ்வொரு சகோதரன் பெயரிலும் ஒரு பாகம். தாயாக நடித்த கத்தினா பக்சீனு கிரேக்க நாட்டுக்காரர். நாதியாவாக நடித்த அன்னி ஜிரார்தோ பிரெஞ்சு நடிகை. அவரைப் படத்தில் கொல்கிற சிமோனேவாக நடித்த ரெனாத்தோ சல்வத்தோரிதான் 1962இல் நிஜத்தில் அவர் கணவர் ஆனார். இசை நினோ ரோத்தா.

பாசமலரை நான் விரித்துச் சொன்னால் அடிக்க வருவீர்கள். சுருக்கமாக: ராஜசேகரும் ராதாவும் தாய் தகப்பன் இல்லாத அண்ணன் தங்கை. தொழிற்சாலை வேலை போன பிறகு, தங்கை பொம்மை செய்து சேர்த்த காசை முதலாக வைத்து அண்ணன் தொழில் தொடங்கிப் பெரிய மனிதனாகிறான். பழைய நண்பன் ஆனந்தன் தொழிலாளர் பக்கம் நிற்கிறான். அவனையே தங்கை விரும்புகிறாள். கல்யாணம் நடக்கிறது. அப்புறம் குடும்பம் உடைகிறது. சிவாஜி, சாவித்திரி, ஜெமினி கணேசன். இயக்கம் பீம்சிங். வசனம் ஆரூர்தாஸ். பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. மறு ஆண்டே தெலுங்கில் ‘ரக்த சம்பந்தம்’ என்றும் இந்தியில் ‘ராக்கி’ என்றும் எடுத்தார்கள்.

இரண்டு படங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. விஸ்கோன்தி பிரபுக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட். பீம்சிங் ‘ப’ வரிசைப் படங்களால் நம் வீட்டுப் பெண்களை அழ வைத்தவர். ஆனாலும் இரண்டு படத்திலும் குடும்பத்துக்கு நடுவே ஒரு தொழிற்சாலை நிற்பதைக் கவனியுங்கள். அந்தக் காலம் அப்படி. இத்தாலியில் தெற்குக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் மிலானுக்கும் தூரினோவுக்கும் ரயிலேறினார்கள். நம்ம பக்கத்தில் 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம். விழுப்புரம் ஜங்ஷனில் தகரப் பெட்டியோடு ரயில் மாறிய இளைஞர்களை நாம் பார்த்தவர்கள்தானே. புதுச்சேரி மில்களுக்குச் சைக்கிளில் போனவர்களும் உண்டு. முன்பு நிலம் ஒன்று, அடுப்பு ஒன்று. மாதச் சம்பளம் வந்ததும் யார் சம்பாத்தியம் யாருக்கு என்ற கேள்வி வந்தது. இரண்டு படமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டன. அதனால்தான் இவற்றை வெறும் அழுகைப் படம் என்று ஒதுக்க முடியாது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய குடும்பம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு இவைதான் சாட்சி.

படப்பெட்டி

அப்போது படம் என்றால் பெட்டி. மூன்று மணி நேரப் படத்துக்குச் சுமார் 16,200 அடி ஃபிலிம் வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி ஓடும், நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்த ரீல்களைத் தகரப் பெட்டிகளில் வைத்து ரயிலிலும் பஸ்ஸிலும் அனுப்புவார்கள். ‘பெட்டி வந்தாச்சா?’ என்பதுதான் ஊர்க் கேள்வி. போடுகிற பிரிண்டுகள் கொஞ்சம்தான். அவை முதலில் பெரிய ஊர்களில் ஓடும். அங்கே தேய்ந்த பிறகு நம் போன்ற ஊர்களுக்கு, அதன் பிறகு டூரிங் கொட்டகைகளுக்கு. மழை பெய்வது போலக் கோடு விழுந்த பிரிண்டில்தான் நாம் சிவாஜியைப் பார்த்தோம். அறுந்த இடத்தை ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில சட்டகங்கள் போகும்.

கொட்டகைகளுக்கு உரிமம் கொடுப்பது 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. கட்டட உறுதிச் சான்று, மின் சான்று, மணல் வாளி, தண்ணீர் வாளி என்று அந்தக் கோப்புகளை நானே கட்டி வைத்திருக்கிறேன். கூரை தீப்பிடிக்காமல் இருக்க எத்தனை விதிகள்! ஆனால் உள்ளே ஓடுகிற படம் என்ன கதியில் இருக்கிறது, ஓடி முடிந்ததும் எங்கே போகிறது என்று கேட்க ஒரு படிவமும் இல்லை. பிரிண்ட் பழசானால் பழைய சாமான்தான். ஃபிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம் என்பதால் உருக்கப் போனவையும் ஏராளம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை.

டெக் வந்த காலம்

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் தொலைக்காட்சி வந்தது. கூடவே வீடியோ டெக் வந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். நம்ம பக்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது: புதுச்சேரி சொல்தா வீடுகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைச் சொல்தா என்போம். அவர்கள் பிள்ளைகள் பிரான்சிலிருந்து வரும்போது டெக்கும் கேசட்டும் வரும்.

அதில் ஒரு சிக்கல். கலரை அனுப்புகிற முறை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ‘பால்’, அமெரிக்காவில் ‘என்டிஎஸ்சி’, பிரான்சில் ‘செகாம்’. பிரான்ஸ் கேசட்டை இங்கே போட்டால் படம் ஓடும், கலர் வராது. ஆசை ஆசையாகக் கொண்டுவந்த கலர்ப் படங்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் கறுப்பு வெள்ளையாக ஓடின. ‘ரோக்கோ’வுக்கு மட்டும் இந்தக் குறை இல்லை. அது முதலிலேயே கறுப்பு வெள்ளைப் படம்! நான் அதை முதலில் பார்த்தது அப்படித்தான், என் மைத்துனர் வீட்டில், பிரெஞ்சுப் பேச்சோடு. பள்ளிக்கூடத்தில் கற்ற மொழி அன்றைக்கு எனக்கு வேறு விதத்தில் உபயோகப்பட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘அண்ணனுக்காக அவளையே விட்டுக் கொடுத்துட்டானா? இவன் நம்ம சிவாஜி மாதிரி இல்ல இருக்கான்!’ என்றார் மாமியார். நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

நம்ம ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவது வழக்கமாயிற்று. புதுப் படம் இரண்டு, பெண்களுக்காகப் பழைய படம் ஒன்று. அந்தப் பழைய படம் பெரும்பாலும் பாசமலர், இல்லாவிட்டால் பாவமன்னிப்பு. தியேட்டர்க்காரர்கள் பதறினார்கள். 1984இல் வீடியோ காட்சிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதே ஆண்டு மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோவையும் அதற்குள் சேர்த்தது. திருட்டுப் பிரதி எடுத்தால் குறைந்தது 6 மாதச் சிறை, 50,000 ரூபாய் அபராதம். 2004இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்திலும் வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள்.

இந்தச் சட்டங்களெல்லாம் தயாரிப்பாளருக்கும் தியேட்டருக்கும் நஷ்டம் வராமல் பார்க்க வந்தவை. அதில் தப்பில்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுக் காகிதங்களில் எங்கும் ‘மூலப் பிரதியைக் காப்பாற்று’ என்று ஒரு வரி கிடையாது.

28 ரூபாய்க்கு ஒரு குடும்பம்

கேசட்டுக்குப் பிறகு விசிடி, அப்புறம் டிவிடி. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை அடித்து இறக்கியது. அதுவரை நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டிய அசல் பிரதி, ஒரு தியேட்டர் டிக்கெட் விலைக்கு வந்தது. மளிகைக் கடையிலும் பஸ் நிலையக் கடையிலும் பழைய படங்கள் தொங்கின. ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு அது பொற்காலம். அலமாரி நிறைய சிவாஜி.

அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை. கைபேசியும் இணையமும் வந்து சிடி வியாபாரத்தையே விழுங்கிவிட்டன. கடன் மேல் கடனாகி 2018இல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது.

விசிடி, டிவிடி என்பதன் தரம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். விசிடியில் ஒரு படத்தின் அகலம் 352 புள்ளிகள், உயரம் 288. டிவிடியில் 720க்கு 576. இன்று படங்களைப் புதுப்பிக்கும்போது ‘4கே’ என்கிறார்களே, அதில் அகலம் மட்டும் சுமார் 4,000 புள்ளிகள். அதாவது ஃபிலிமில் இருக்கிற விவரத்தில் விசிடிக்கு வந்து சேருவது துளிதான். சாவித்திரியின் கண்ணில் நீர் கட்டி நிற்பது ஃபிலிமில் தெரியும். விசிடியில் கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் தெரியும்.

தரம் போகட்டும், நீளமும் போயிற்று. எந்தக் கம்பெனியைச் சொல்கிறேன் என்பது வேண்டாம். என் அலமாரியில் இருக்கிற பழைய படங்களில் பாட்டு நடுவில் தாவுகிறது, நகைச்சுவைப் பகுதி காணாமல் போகிறது, ரீல் முடிகிற இடத்தில் வசனம் பாதியில் அறுகிறது. தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்த பழைய வீடியோ நாடா, அதிலிருந்து சிடி, அதிலிருந்து இன்று இணையத்தில் ஏற்றியது. சில சானல்களில் இதையே அகலத் திரைக்காக இழுத்துவிடுகிறார்கள். பாவம், ஒல்லியாக இருந்த காலத்து ஜெமினி கணேசன்கூடப் பக்கவாட்டில் பெருத்துப் போகிறார்.

அலுவலகத்தில் நகல் எடுத்தால் அடியில் ‘நகல் எடுத்தவர்’, ‘ஒப்பிட்டவர்’ என்று இரண்டு கையெழுத்து வேண்டும். ஒப்பிட அசல் இருக்க வேண்டும். அசல் இல்லாமல் நகலுக்கு நகல் எடுத்து வந்தால் எந்த அதிகாரியும் சான்றொப்பம் போட மாட்டார். நம் குடும்பப் படங்கள் இன்று வீட்டில் ஓடுவது பெரும்பாலும் ஒப்பிட்டவர் கையெழுத்து இல்லாத நகல்.

ரோக்கோவுக்கு நடந்தது

இத்தாலிக்காரர்கள் மட்டும் முதலிலிருந்தே புண்ணியவான்கள் என்று நினைக்க வேண்டாம். 1960இல் வெனிஸ் விழாவில் ரோக்கோவுக்கு முதல் பரிசு என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பரிசு ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் போயிற்று. ரோக்கோவுக்குச் சிறப்புப் பரிசு மட்டும். பிறகு மிலானில் படம் வெளியானபோது அரசு வழக்கறிஞர் சில காட்சிகளை நீக்கச் சொன்னார். கடைசியில் அந்த இடங்கள் வரும்போது திரையை இருட்டாக்கிக் காட்டினார்கள். இன்னொரு வேடிக்கை, குடும்பப் பெயர். படத்தில் அவர்கள் பெயர் பஃபுன்தி என்றுதான் இருந்தது. அதே பெயரில் நிஜத்தில் ஒரு நீதிபதி இருந்ததால் ஆட்சேபம் வந்து, பரோந்தி என்று மாற்ற வேண்டியதாயிற்று. உத்தியோகத் தொந்தரவு உலகம் முழுக்க ஒன்றுதான்.

அப்படி வெட்டுப்பட்ட படம்தான் பல நாடுகளுக்குப் போனது. வித்தியாசம் அதன் பிறகு வருகிறது. இத்தாலியில் பொலோஞா என்ற ஊர். நம் மாவட்டத் தலைநகரை விடப் பெரிதுதான், ஆனாலும் ரோமோ மிலானோ அல்ல. அந்த ஊரில் ஒரு திரைப்படக் காப்பகம் உண்டு. அதைச் சேர்ந்த ஒரு ஆய்வுக்கூடமும் உண்டு, பழைய ஃபிலிம்களுக்கு ஆஸ்பத்திரி மாதிரி. அங்கே ரோக்கோவின் மூல நெகடிவை அடிப்படையாக வைத்து, சட்டகம் சட்டகமாகத் துடைத்து, தணிக்கையில் போன காட்சிகளையும் திரும்பச் சேர்த்து, 2015இல் கான் விழாவில் திரையிட்டார்கள். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய அமைப்பும் இதில் கூட நின்றது. மறு ஆண்டு இங்கிலாந்தில் அது ப்ளூ ரே வட்டாக வீட்டுக்கு வந்தது. 1960இல் மிலான் ரசிகன் பார்க்க முடியாததை, இன்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன் முழுதாகப் பார்க்கிறான்.

என் மைத்துனர் மகன் பாரிசிலிருந்து வந்தபோது புதுப்பித்த பிரதியைக் கொண்டுவந்து காட்டினான். அந்தப் பனி அள்ளுகிற விடியற்காலை, முன்பு கேசட்டில் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு ஜன்னலும் தெரிகிறது. ‘மாமா, இது வேற படம் மாதிரி இருக்கு’ என்றான். ‘வேற படம் இல்லடா தம்பி, இதுதான் அந்தப் படம்’ என்றேன்.

அதே பொலோஞா ஆய்வுக்கூடம் நம் நாட்டுப் படத்துக்கும் உயிர் கொடுத்திருக்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முதலான மூன்று அபு படங்களின் நெகடிவுகள் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகின. கருகியதையும் தூக்கிப் போடாமல் அமெரிக்க ஆஸ்கர் அகாதமி பாதுகாத்தது. இருபது ஆண்டு கழித்து அந்தக் கருகிய சுருள்களைப் பொலோஞாவில் பதப்படுத்தி, பிழைத்த பகுதிகளை எடுத்து, மீதியை வேறு நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015இல் மூன்று படங்களையும் மீட்டார்கள். தீயில் வெந்ததே திரும்பி வந்திருக்கிறது. நம்முடையது வேகாமலே போயிருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

அடுத்ததாக ஒரு தமிழ்க் குடும்பப் படத்தைச் சொல்கிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988இல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் ஒரு குமாஸ்தாப் பெண், தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக வீடு கட்டப் படுகிற பாடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது, படத்துக்கும் தமிழில் சிறந்த படம் என்ற விருது. தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். கடன் மனு போட்டுக் கட்டடத்துக்காக அலைந்த அரசு ஊழியர் எவருக்கும் அது தன் கதைதான். அடுத்து அவர் எடுத்த ‘சந்தியா ராகம்’ முதியவர் கதை, அதற்கும் தேசிய விருது. இந்த இரண்டின் நெகடிவும் இல்லாமல் போய்விட்டன என்று பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொன்னார். தமிழ்ப் படங்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2014இல் இறக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். கவனியுங்கள், இது 1931 இல்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலத்துப் படம்.

மத்திய அரசின் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கியது. அதை வளர்த்த பி.கே.நாயர் ஊர் ஊராக அலைந்து படப்பெட்டிகளைச் சேர்த்த மனிதர். ஆனால் தமிழ்நாட்டில் எடுத்த படங்களின் நெகடிவ் சென்னை லேபுகளில் இருந்தது. நம் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் ஃபிலிமுக்கு எமன். சுருள் புளித்த காடி வாசனை அடிக்க ஆரம்பித்தால் அது அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். லேப் வாடகை பாக்கி, தயாரிப்பாளர் காலமானது, வாரிசுத் தகராறு, உரிமை பலமுறை கைமாறியது, இப்படிக் காரணங்கள் பல. நிலப் பட்டா விவகாரம் பார்த்த எனக்கு இது புதிதல்ல. யாருக்குச் சொந்தம் என்று சண்டை நடக்கும்போது சொத்தைக் கரையான் தின்னும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பித்து வெளியானபோது, 1964இல் வந்த படத்துக்குச் சென்னையில் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு ‘பாசமலர்’ புதுப்பித்து வந்தது. கூட்டம் வரும் என்று தெரிந்தால் செலவு செய்ய ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. ஆனால் கர்ணனுக்கு வந்த கூட்டம் ‘வீடு’க்கு வராது. பெரிய நடிகர் இல்லாத, சின்னக் குடும்பத்தைப் பற்றிய படங்களை வியாபாரம் காப்பாற்றாது. ரோக்கோவையும் வியாபாரம் மட்டும் காப்பாற்றவில்லை. ஒரு ஊர்க் காப்பகம் காப்பாற்றியது. சிவாஜிக்குச் சென்னையில் மணிமண்டபம் கட்டியாயிற்று. அவர் படங்களின் மூலச் சுருள்களுக்குக் குளிரூட்டிய அறை ஒன்று அரசு செலவில் இருந்தால், எனக்கு மணிமண்டபத்தைவிட அது பெரிதாகத் தெரியும்.

சரி, நம்மால் என்ன ஆகும்? நாம் பென்ஷன்காரர்கள். ஆனாலும் நம்மிடம் ஒன்று இருக்கிறது. இந்தப் படங்களை முதல் வெளியீட்டிலோ, அதை அடுத்த ஆண்டுகளிலோ, வெட்டுப்படாமல் பார்த்த கடைசித் தலைமுறை நாம். எந்தப் பாட்டுக்கு முன்னால் எந்தக் காட்சி வந்தது, எந்த வசனத்துக்குக் கொட்டகை கைதட்டியது என்பதெல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. இப்போது ஓடுகிற பிரதியில் ஒரு காட்சி இல்லை என்றால், ‘இங்கே ஒன்று இருந்தது’ என்று சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை. பேரப்பிள்ளைகள் வெட்டுப்பட்டதையே முழுப் படம் என்று நம்பிக்கொள்வார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வீட்டில் பழைய கேசட், சிடி, சினிமாப் பாட்டுப் புத்தகம், கதைச் சுருக்க நோட்டீஸ் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். கேசட்டில் மூன்று நிமிடம் கூடுதலாக இருக்கலாம். அசல் போன இடத்தில் அந்த மூன்று நிமிடமே அசல். இரண்டாவது, உங்களுக்குப் பிடித்த ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டு, நினைவில் இருக்கும் காட்சிகளை வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இன்று கிடைக்கும் பிரதியைப் போட்டு ஒப்பிடுங்கள். இல்லாததைக் குறியுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் பாசமலரில் ஆரம்பித்திருக்கிறேன். முதல் பாதி முடிந்தது, நோட்டில் இதுவரை 7 இடங்கள் குறித்திருக்கிறேன். என் மனைவி அதில் இரண்டை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டும் வேறு படத்தில் வருவதாகச் சொல்கிறாள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்த நண்பர்கள் யாராவது வந்து தீர்ப்புச் சொன்னால் இரண்டாம் பாதியை ஆரம்பித்துவிடுவேன்.